கடை வயலில் தொடங்குகிறது

(உழவர் சந்தையில் விற்க விரும்பும் இளம் விவசாயிகளுக்காகச் சேலம் மாவட்டத்தில் நடந்த கூட்டம் ஒன்றில், பணி ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உழவர் சந்தைக்கு அடையாள அட்டை எப்படி வாங்குவது என்று கேட்கத்தான் உங்களில் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள். வரும்போதே வாசலில் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். அது கால் மணி நேர விஷயம். ஆனால் அட்டையை ஆசையாய் வாங்கிக்கொண்டு, ஒரு பருவம்கூட நிலைக்காமல் சந்தைப் பக்கமே வராமல் போனவர்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்தேன். அவர்கள் வாயில்லாதவர்கள் இல்லை. நன்றாகப் பேசுவார்கள், கணக்கும் தெரியும். காட்டில் என்ன போடுவது, எப்போது போடுவது என்பதைச் சந்தையை நினைக்காமல் முடிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான். அதனால் அட்டையைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் காட்டைப் பேசுவோம்.

அதற்கும் முன்னால், இந்தச் சந்தை எதற்காக வந்தது என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். விளைவித்தவனே நேரில் விற்கட்டும் என்று 1987இல் பஞ்சாபில் அப்னி மண்டி தொடங்கினார்கள். ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் ரைத்து பஜார் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கலைஞர் திறந்து வைத்தார். ஒன்றரை ஆண்டுக்குள் நூறு சந்தைகளுக்கு மேல் வந்துவிட்டன. 2001இல் ஆட்சி மாறியது. பல சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006க்குப் பிறகு மறுபடியும் உயிர் வந்தது. இன்றைக்கு எண்ணிக்கை நூற்றெண்பதைத் தாண்டிவிட்டது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: கவனிப்பில்லாத அந்த ஆண்டுகளிலும் சில ஊர்களில் கூட்டம் குறையவே இல்லை. பேருந்து நிலையத்துக்கும் குடியிருப்புகளுக்கும் பக்கத்தில் இருந்த சந்தைகள் தாமாகவே நின்றன. ஊருக்கு வெளியே, இடம் சும்மா கிடக்கிறது என்பதற்காகக் கட்டிய சில சந்தைகளில் எந்த ஆட்சியிலும் கூட்டம் சேரவில்லை. எந்தச் சந்தைக்கு விண்ணப்பிப்பது என்று யோசிக்கும்போது, உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். காலை ஏழு மணிக்குப் போய் நின்று, பையோடு எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது விலை. மொத்த விலைக்கு மேல் நூற்றுக்கு இருபது, வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழே நூற்றுக்குப் பதினைந்து: உழவர் சந்தை விலையின் அடிப்படை இதுதான். விடிவதற்கு முன்பே பணியாளர்கள் மொத்த சந்தை நிலவரத்தைக் கேட்டு, விவசாயிகளையும் கலந்து, அன்றைய விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். அந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. கீழே இறங்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தக்காளி மண்டியில் கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கடையில் 28. உழவர் சந்தையில் 24. ஐம்பது கிலோ கொண்டுபோகிறீர்கள். மண்டியில் போட்டிருந்தால் ஆயிரம் ரூபாய். அதில் கமிஷன் நூறு, இறக்குக்கூலி, வாடகை என்று இன்னொரு ஐம்பது போய் 850 கைக்கு வரும். சந்தையில் 1,200. போகவர, டீ, டிபன் கழித்தால் மண்டியைவிட மிச்சம் முந்நூறு ரூபாய்ச் சொச்சம். இந்த முந்நூறுக்காக நீங்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறீர்கள். அது உங்கள் ஒருநாள் கூலி. லாபம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

கமிஷன் மண்டியைத் திட்டுவது நமக்கெல்லாம் பழக்கம். நானும் மேடையில் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு டன் தக்காளியை இறக்கி, அன்றைக்கே ஏலம் விட்டு, கையில் காசு கொடுக்கிற இடம் அது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பதும் அதே மண்டிக்காரர்தான். முன்பணம் வாங்கியவர் வேறு இடத்தில் சரக்கை இறக்க முடியாது என்பது அதன் மறுபக்கம். மூன்று ஏக்கர் தக்காளி போட்டிருப்பவர் தலைவாசலுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோதான் போக வேண்டும். அவர் உழவர் சந்தைத் திண்ணையில் உட்கார்ந்தால் அன்று பறித்ததில் பத்தில் ஒரு பங்குகூட விற்காது. மிச்சம் செடியிலேயே பழுத்து விழும்.

அப்படியானால் உழவர் சந்தை யாருக்கு? அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு, வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடுபடக் கூடியவர்களுக்கு. அவர்களுக்கும் ஒரே பயிராக இருந்தால் உதவாது. மண்டி வாங்காத பொருளில்தான் சந்தையின் உண்மையான ஆதாயம் இருக்கிறது. நாற்பது கட்டுச் சிறுகீரையை மண்டியில் யார் ஏலம் எடுப்பார்? பத்து வாழைப்பூ, ஐந்தாறு வாழைத்தண்டு, ஒரு கூடை சுண்டைக்காய், மரத்திலேயே பழுத்த நான்கு பப்பாளி, இதையெல்லாம் மண்டியில் கொண்டுபோய் வைத்தால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். உழவர் சந்தையில் இவை எட்டு மணிக்குள் காலியாகும். பிரண்டை, தூதுவளை, மணத்தக்காளிக் கீரை, முடக்கத்தான் எல்லாம் நம் வேலியோரத்தில் தண்ணீர்கூடக் கேட்காமல் வளர்கின்றன. நகரத்தில் மூட்டுவலிக்காரர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். முடக்கத்தான் கட்டு கொண்டுவருகிற அம்மாவை அவர் தேடிக்கொண்டு வருவார். வந்தவர் அதோடு கத்தரிக்காயும் வாங்காமல் போக மாட்டார்.

இனி, காட்டைப் பங்கிடுவது. நாற்பது சென்ட் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பழக்கம் என்ன? உழுது, முழுவதும் ஒரே நாளில் நடுவது. கூலி ஆள் ஒரே தடவை வந்தால் போதும் என்கிற சௌகரியம் அதில் இருக்கிறது. ஆனால் காய்ப்பும் ஒரே தடவையில் வரும். ஒரு மாதம் கொட்டோ கொட்டென்று கொட்டும், அப்புறம் இரண்டு மாதம் சந்தைக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. வாடிக்கையாளர் இரண்டு மாதம் காத்திருப்பாரா? மூன்றாம் நாளே அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகீரை விதைத்த இருபத்தைந்தாம் நாள் வேரோடு பிடுங்கிக் கட்டலாம். பத்து சென்டை எட்டுப் பாத்தியாகப் பிரியுங்கள். மூன்று நாளைக்கு ஒரு பாத்தி விதையுங்கள். எட்டாவது பாத்தி விதைத்து மூன்று நான்கு நாளில் முதல் பாத்தி தயார். அதைப் பிடுங்கிய கையோடு எருவிட்டுக் கொத்தி மறுபடி விதைத்துவிட்டால், வருஷம் முழுக்க மூன்று நாளைக்கு ஒரு பாத்திக் கீரை உங்கள் கையில் இருக்கும். அரைக்கீரைக்கு இந்தப் பாடுகூட வேண்டாம். அறுக்க அறுக்கத் துளிர்க்கும். கொத்தமல்லித் தழைக்கு நாற்பது நாள் வரை ஆகும், வெயில் காலத்தில் சரியாக வராது. அந்த நாளில் விலை ஏறுவதும் அதனால்தான். கொஞ்சம் நிழல்வலை கட்ட முடிந்தவர் சித்திரை வைகாசியில் மல்லித்தழை கொண்டுவந்து பார்க்கட்டும்.

வெண்டை வேறு ரகம். நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு நாள் சோம்பினால் முற்றிவிடும். நம் ஊர் அம்மாக்கள் வெண்டைக்காயை வாங்கும் விதம் உங்களுக்குத் தெரியும், நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். ஒடியாத காயை நீங்கள் என்ன சொன்னாலும் விற்க முடியாது. ஒடித்துவிட்டு வாங்காமல் போவதற்கும் தயாராக இருக்க வேண்டும். அதற்காகக் கோபித்துக்கொள்கிறவர் வெண்டை போடாமல் இருப்பது நல்லது. வெண்டை போட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் சந்தை. கத்தரி என்றால் நான்கைந்து நாளைக்கு ஒரு பறிப்பு. சுரை, பீர்க்கு, புடலைக்குப் பந்தல் செலவு உண்டு, ஆனால் அது இரண்டு மூன்று பருவம் தாங்கும். எது எது ஒன்றாகச் சேர்ந்தால் வாரத்தில் எல்லா நாளும் கூடையில் ஐந்து வகையாவது இருக்கும் என்று காலண்டரை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள். ஐந்து வகை வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், குனிந்து ஒரு பொருள் வாங்குகிறவர் அதே இடத்தில் நிமிராமல் நான்கு பொருள் வாங்கத்தான் விரும்புவார். தக்காளிக்கு ஒரு கடை, மிளகாய்க்கு ஒரு கடை என்று அலைய வயதானவர்களுக்கு முடியாது.

காலண்டர் என்றேன். நான் சொல்வது நாள்காட்டியில் சிவப்பில் போட்டிருக்கிற நாட்களையும் சேர்த்து. அமாவாசைக்கு முதல் நாள் வாழைக்காயும் அவரையும் கொத்தவரையும் கேட்பார்கள். திதிச் சமையலில் நாட்டுக்காய்தான் சேரும், கேரட்டும் முட்டைக்கோஸும் பல வீடுகளில் ஆகாது. ஆயுத பூஜைக்கு வெள்ளைப் பூசணி எத்தனை வந்தாலும் போகும். மறுநாள் காலை அதே பூசணியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புரட்டாசி முழுக்கக் காய்கறிக்கு நல்ல காலம், கறிக்கடையில் ஈயோட்டுவார்கள். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து, சர்க்கரைவள்ளி, மொச்சை. இதில் ஆடிப்பட்டத்தில் போட்டால் பொங்கலுக்கு எது வரும், புரட்டாசியைப் பிடிக்க எந்த மாதம் நாற்று விட வேண்டும் என்பதைப் பின்னாலிருந்து எண்ணி வரவேண்டும். மண்டிக்கு விளைவிக்கிறவர் பட்டம் பார்த்துப் போடுகிறார். சந்தைக்கு விளைவிக்கிறவர் பட்டத்தோடு பஞ்சாங்கத்தையும் பார்த்துப் போட வேண்டும்.

சரி, அட்டை.

சந்தையைச் சுற்றியுள்ள கிராமத்தில் நிலம் இருக்க வேண்டும். சிட்டா வேண்டும், அதை இப்போது இணையத்திலேயே எடுத்துவிடலாம். இந்தப் பருவத்தில் என்ன பயிர் இருக்கிறது என்பதற்கு அடங்கல், கிராம நிர்வாக அலுவலரிடம். போட்டோ, ஆதார் நகல். இவற்றோடு சந்தை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால், உதவி வேளாண்மை அலுவலரோ உதவித் தோட்டக்கலை அலுவலரோ காட்டுக்கு வந்து பார்ப்பார். எவ்வளவு பரப்பில் என்ன பயிர், எப்போது அறுவடை என்று எழுதிக்கொண்டு போவார். அதன்பேரில் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை வரும். அட்டையில் இருக்கிற பயிரைத்தான் விற்கலாம். பயிர் மாறினால் அட்டையிலும் மாற்ற வேண்டும். காட்டுக்கு அலுவலர் வரும்போது கலப்பாகப் போட்டிருக்கிற எல்லாவற்றையும் காட்டுங்கள், வரப்பில் நிற்கிற முருங்கையையும் வேலிக் கோவைக்காயையும் விடாமல். எழுதாமல் விட்டுப்போனதைக் கொண்டுவந்து, வாசலில் நிறுத்தப்பட்டு, அலுவலரோடு மல்லுக்கட்டுவதை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். விதி அலுவலர் பக்கம் இருக்கும். காய் வாடுவது உங்களுடையது.

கடைக்கு வாடகை கிடையாது. தராசு அலுவலகத்திலேயே தருவார்கள், அதற்கும் கட்டணமில்லை. அரசுப் பேருந்தில் சந்தைக்கு ஏற்றிவரும் காய்கறிச் சுமைக்குக் கட்டணம் வாங்காததும் திட்டத்தோடு வந்த சலுகைதான். எந்த இடத்தில் உட்காருவது என்பது சந்தைக்குச் சந்தை வேறுபடும். சுழற்சி முறை உள்ள இடங்களும் உண்டு, முந்தி வந்தவருக்கு முன்னிடம் என்கிற இடங்களும் உண்டு. வாசலோரத்து இடத்துக்காக நடக்கும் சண்டையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

அட்டைக்கான காகிதங்களில் உள்ள ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். உங்களில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கிறது? கை தூக்குங்கள். பார்த்தீர்களா. தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். அல்லது பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். குத்தகைக்கு ஓட்டுகிறவர் என்றால் நிலக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரவே பயப்படுவார். அட்டை வாங்குவதில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காகிதம் இல்லாமல் எல்லோரையும் உள்ளே விட்டால், மொத்த மார்க்கெட்டில் வாங்கி வந்து விவசாயி என்று உட்காருகிற வியாபாரிகள் அடுத்த வாரமே சந்தையை நிரப்பிவிடுவார்கள். இப்போதே அந்தப் புகார் இல்லாத சந்தை இல்லை. மே மாதத்தில் ஒருவர் கடையில் கேரட், பீன்ஸ், சேனை, மாங்காய் என எல்லாம் ஒன்றாக இருந்தால், அது எந்த மலையின் எந்தச் சமவெளித் தோட்டம் என்று கேட்கத்தானே வேண்டும்? ஆகவே முதல் வேலையாக வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் இவற்றைத் தொடங்குங்கள். இதற்கு விதைப்பைவிட அதிக காலம் பிடிக்கும்.

பட்டாப் பேச்சோடு சேர்ந்தது இன்னொன்று. அட்டை கணவர் பெயரில் இருக்கிறது. சந்தையில் உட்காருவது பெரும்பாலும் மனைவி. காலை நேரத்தில் ஒரு வரிசையைப் பாருங்கள், பெண்கள்தான் அதிகம். குடும்பத்தினர் பெயரையும் அட்டையில் சேர்க்க வழி இருக்கிறது. விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். யார் உட்காருகிறார்களோ அவர்கள் பெயர் இல்லாமல், திடீர் சோதனையில் "உங்க அட்டை எங்கம்மா?" என்று கேட்டு எழுப்பிவிட்டால் அந்த அவமானம் அவர்களுக்கு. சந்தைக் காசு அந்த அம்மாவின் முந்தானையில் முடிகிற வீடுகளில் கடை நீடித்து நடக்கிறது, மத்தியானமே காசு கைமாறிவிடுகிற வீடுகளில் நடப்பதில்லை. இது ஆய்வு முடிவு இல்லை, என் கண்ணில் பட்டது. ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் உட்கார்ந்த பிறகு கற்றுக்கொள்ள வேண்டியவை தாமாக வந்துவிடும், அதனால் ஓரிரண்டு மட்டும். கீரையை முந்தைய நாள் மாலை பிடுங்கி, வேரை அலசி, ஈரச் சாக்கில் வையுங்கள். விடிகாலையில் இருட்டில் பிடுங்குகிற கீரையில் புல்லும் சேர்ந்து வரும். கத்தரியில் சொத்தையைப் பொறுக்கிக் காட்டிலேயே போட்டுவிட்டு வாருங்கள், சந்தையில் பொறுக்கினால் பார்க்கிறவர்கள் மற்றதையும் சந்தேகப்படுவார்கள். சில்லறை இருநூறு ரூபாய்க்காவது கையில் இருக்கட்டும். க்யூஆர் அட்டை இருந்தாலும் கால் கிலோ மிளகாய்க்கு நூறு ரூபாய் நோட்டு நீட்டுகிறவர் இருக்கத்தான் செய்வார். நெகிழிப் பைக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, மஞ்சப்பை பற்றி அரசே பிரசாரம் செய்கிறது, ஆனாலும் பை கொண்டுவராதவர் வருவார். பழைய செய்தித்தாளும் வாழைநாரும் வைத்திருங்கள்.

கொசுறு பற்றி எல்லோரும் கேட்பீர்கள். வாங்கிய பிறகு நான்கு கறிவேப்பிலை, இரண்டு மல்லித்தழை வைத்துக் கொடுக்காமல் நம் ஊரில் கடை நடத்த முடியாது. இதை நஷ்டம் என்று எழுதாதீர்கள். கிணற்றோரம் நான்கு கறிவேப்பிலைச் செடி கொசுறுக்கென்றே வையுங்கள். ஆனால் எடையில் கைவைத்துவிட்டுக் கொசுறில் ஈடுகட்டலாம் என்று நினைக்கிறவரைத் தராசுக்கு எதிரே நிற்கிற அம்மா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இயற்கை முறையில் விளைவிக்கும் தம்பிகள் இங்கே இருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்வது கொஞ்சம் கசக்கும். பெரும்பாலும் பலகையில் உங்கள் கத்தரிக்காய்க்கென்று தனி விலை இருக்காது. மருந்தடித்த காய்க்கும் உங்கள் காய்க்கும் ஒரே எண்தான். அந்த விலை கட்டுப்படியாகாதென்றால் நகரங்களில் வார இறுதியில் நடக்கும் இயற்கைச் சந்தைகளைப் பாருங்கள், அங்கே விலை உங்கள் கையில். சிறுதானியம், நாட்டுச்சர்க்கரை, செக்கெண்ணெய் என்று மதிப்புக்கூட்டுகிறவர்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால், சில இடங்களில் மாலை நேரத்தில் உழவர் சந்தை வளாகத்திலேயே விற்க வாய்ப்பு இருக்கிறது. அதன் விவரத்தை வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். எல்லா ஊரிலும் நடப்பதில்லை.

முதல் நாள் எவ்வளவு கொண்டுபோவது? மூன்று நான்கு வகை, வகைக்கு ஐந்தாறு கிலோ, கீரை முப்பது கட்டு. அதற்கு மேல் வேண்டாம். ஒன்பது மணிக்குத் தீர்ந்துபோனால் நல்லது. "நாளைக்குக் கொண்டாரேனுங்க" என்று சொல்லி அனுப்புங்கள், அவர் மறுநாள் வருவார். பத்து மணிக்கு மேல் மிச்சமிருந்தால் பலகை விலையைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கீரையைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்தில் மெஸ் நடத்துகிறவர் யாராவது அந்த நேரத்துக்கு வருவார், அவரோடு பழகி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் எது எத்தனை கிலோ போனது, எது நின்றது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த பாத்தியில் என்ன விதைப்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பட்டா விஷயமாகக் கேள்வி இருப்பவர்கள் முதலில் கேளுங்கள். அதற்குத்தான் நேரம் பிடிக்கும்.